நான் பார்த்ததாகச் சொல்லப்பட்ட யப்பான் தோட்டங்கள்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். இதுவரை நான் எழுதியவை இரண்டே வகை. ஒன்று மனைவிக்குக் கடிதம், மற்றது கடைக்குக் கொண்டுபோகும் சாமான் துண்டு. கடிதத்திலும் பாதிப் பக்கம் "நான் சுகம், நீங்கள் சுகமா" என்பதிலேயே போய்விடும். எஸ்.எஸ்.சி. வரை படித்தேன். பரீட்சையில் தமிழுக்குக் கிடைத்தது சாதாரண சித்தி, வெறும் பாஸ். நாலு பேர் கூடிய இடத்தில் இருமுவதற்கே கூச்சப்படுகிற நான் பலர் வாசிக்கும் இடத்தில் எழுத வந்தது பிழைதான். "நீங்கள் கப்பலில் உலகம் சுற்றியவர்தானே, ஒரு பயணக் கதை எழுதித் தாருங்கள்" என்று இந்தப் பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள். மறுக்கவும் எனக்குக் கூச்சம்.

உண்மையைச் சொன்னால், உலகம் சுற்றியது கப்பல். நான் அதன் எஞ்சின் அறைக்குள் இருந்தேன். ஒன்பது வருடம் ஒரு கிரேக்கக்காரரின் சரக்குக் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் விடும் வேலை. மேலே எந்தக் கடல், எந்தக் கரை என்பதைப் பெரும்பாலும் சூட்டை வைத்துத்தான் அறிந்தேன். கீழே நிற்க முடியாத சூடு என்றால் மேலே செங்கடல். கொஞ்சம் பொறுக்கக்கூடிய சூடு என்றால் ஐரோப்பா. அப்படிப்பட்ட நான் டென்மார்க்கில் ஒரு நாள் நாற்பது பேருக்கு முன்னால் யப்பானின் தோட்டங்களையும் கோயில்களையும் பற்றிப் பேச நின்றேன். அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன்.

எண்பத்தைந்தோ எண்பத்தாறோ, சரியாக நினைவில்லை. அகதியாக வந்த எனக்கு இங்கே இருக்கலாம் என்று டென்மார்க் அரசாங்கம் கடிதம் தந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஸ்கீவ என்ற சிறிய ஊரில் எங்களை இருத்தியிருந்தார்கள். இரண்டு அறை வீடு. ஒரு அறையில் நான், மற்றதில் கிளிநொச்சிப் பக்கத்துத் தம்பி ஒருவர். தம்பி என்றால் கூடப் பிறந்தவர் அல்ல. என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னை அண்ணை என்று கூப்பிடுவார், அவ்வளவுதான். அங்கே வயலும் மிளகாய்த் தோட்டமும் செய்தவர். எங்கள் வீட்டு யன்னல் ஓரம் முழுவதும் தயிர்க் கோப்பைகளில் மிளகாய்க் கன்று வைத்திருந்தார். யன்னலைத் திறக்க வேண்டுமென்றால் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும்.

காலையில் டெனிஷ் வகுப்பு. பகலில் சமையல். பிறகு யன்னலால் பார்த்துக்கொண்டு இருத்தல். எனக்கு நாற்பத்தாறு வயது, வேலை இல்லை. ஊரிலிருந்து மனைவி எழுதிய கடிதம் ஒன்று அந்த நாட்களில் என் தலையணைக்குக் கீழே கிடந்தது. எல்லா விசேஷமும் எழுதிவிட்டுக் கடைசியில், "இஞ்ச சனம் கேக்குது, உங்கட அவர் அங்க என்ன வேலை எண்டு. நான் என்னத்தைச் சொல்ல?" என்று கேட்டிருந்தாள். அதற்குப் பதில் எழுத நாலு தரம் தாளை எடுத்தேன். நாலு தரமும் "நான் சுகம்" என்பதோடு பேனை நின்றது.

வகுப்பில் எங்களுக்குக் கற்பித்தவர் ஐம்பது வயதுப் பெண். நல்ல மனம், நல்ல உயரம், காலில் மரச் செருப்பு. ஒரு நாள் எல்லோரும் தாங்கள் போன இடங்களைப் பற்றி ஒரு வசனம் சொல்ல வேண்டும் என்றார். வகுப்பில் நான் பேசுவதே இல்லை. என் முறை வந்தால் பென்சிலைக் கீழே விழுத்திவிட்டுத் தேடுவேன். அன்று பென்சில் விழுந்தும் டீச்சர் காத்துக்கொண்டு நின்றார். எழும்பி, முதல் நாளே அகராதி பார்த்து எழுதி வைத்திருந்த வசனத்தைச் சொன்னேன். நான் யப்பானில் நிறையத் துறைமுகம் பார்த்திருக்கிறேன்.

அப்படித்தான் சொன்னதாக நினைத்தேன். டெனிஷில் துறைமுகத்துக்கு நாலே எழுத்து. கடைசி இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும், நடுவில் உயிர் இல்லை. அவர்கள் அதை 'ஹவுன்' என்று வாய்க்குள்ளேயே விழுங்கிவிடுவார்கள். தமிழ் நாக்கு அப்படி விழுங்காது. இரண்டு மெய்யெழுத்து ஒட்டி நின்றால் பாவம் பார்த்து நடுவில் ஒரு உயிரைப் போட்டுவிடும். நான் 'ஹாவன்' என்றேன். 'ஹேவன்' என்றால் டெனிஷில் தோட்டம்.

டீச்சரின் முகம் மலர்ந்தது.

"யப்பானிலா? எந்த ஊரில்?"

"யோக்கோஹாமா. கோபே. நகோயா."

"பெரியவையா?"

"மிகவும் பெரியவை."

"தண்ணீர் இருக்குமே?"

இதென்ன கேள்வி என்று நினைத்தேன். துறைமுகத்தில் தண்ணீர் இல்லாமல் என்ன இருக்கும்? "நிறையத் தண்ணீர்" என்றேன். "இரவில் எல்லா இடமும் விளக்குப் போடுவார்கள்."

"ஆ, எவ்வளவு அழகாக இருக்கும்!"

எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. இந்த ஒரு வருடத்தில் என் பேச்சைக் கேட்டு யாரும் ஆ என்று சொன்னதில்லை. பாரந்தூக்கிகளைப் பற்றியும் சொல்ல நினைத்தேன். டெனிஷ் சொல் வரவில்லை, ஆங்கிலத்தில் கிரேன் என்றேன். நீண்ட கழுத்து என்று கையை உயர்த்தியும் காட்டினேன். ஆங்கிலத்தில் கிரேன் என்றால் ஒரு வகைக் கொக்கும்தான் என்று அன்று எனக்குத் தெரியாது.

"கிரேன்களும் நின்றனவா? எத்தனை?"

"ஒவ்வொரு இடத்திலும் முப்பது, நாற்பது."

டீச்சர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நான் வெற்றியோடு இருந்தேன். பின்வரிசை வாங்கில் இருந்த தம்பி மட்டும், "அண்ணை, இண்டைக்கு வெளுத்து வாங்கிறியள்" என்று மெதுவாகச் சொன்னார்.

இரண்டு கிழமை கழித்து டீச்சர் ஒரு துண்டுப் பிரசுரம் தந்தார். மேலே குளம், குளத்துக்கு மேல் வளைந்த சிவப்புப் பாலம். கீழே என் பெயர், மூன்று எழுத்துப் பிழைகளோடு. ஓய்வூதியம் பெறும் முதியவர்களின் சங்கத்தில், வியாழக்கிழமை பகல் இரண்டு மணிக்கு நான் பேசுகிறேனாம். நூலகத்தில் யப்பான் படங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றனவாம், புரொஜெக்டரில் போட்டுக் காட்டலாமாம். நான் பேச வேண்டியதையும் தானே லேசான டெனிஷில் எழுதித் தருவாராம். இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது; அப்போது எனக்கு ஒன்றும் விளங்காமல் "யா, யா" என்று தலையாட்டினேன். அந்த நாட்களில் எனக்கு விளங்காத எல்லாவற்றுக்கும் அதுதான் பதில்.

வீட்டுக்கு வந்து தம்பி அகராதியை வைத்துக்கொண்டு அந்தத் தாளைச் சொல் சொல்லாகப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கதிரையில் சாய்ந்து சிரித்தார்.

"அண்ணை, நீங்கள் யப்பானில தோட்டம் பாத்தனீங்களோ?"

"எனக்கேன் தோட்டம்? நான் துறைமுகம் எல்லே சொன்னது."

"இதில தோட்டம் எண்டுதான் கிடக்கு. யப்பான் தோட்டங்கள், கோயில்கள், இயற்கைக் காட்சிகள். சொற்பொழிவு உங்கட. காஃபியும் கேக்கும் உண்டாம்."

"விசர்க்கதை கதையாதையும். நல்லாப் பாரும்."

"நல்லாப் பாத்திட்டன். உங்கட முப்பது நாப்பது கொக்கும் இதில நிக்குது."

உண்மைதான். தாளின் மூலையில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று டீச்சரின் மேசைக்குப் போனேன். வாயைத் திறக்க முன் அவர் ஒரு மகிழ்ச்சியான செய்தி சொன்னார். ஊருக்கு வெளியே கார்ட்னரி ஒன்று இருக்கிறது. கண்ணாடி வீடுகளுக்குள் பூங்கன்று வளர்த்து விற்கிற பண்ணை. அதன் முதலாளிக்கு ஓர் ஆள் தேவை. என்னைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கிறார். யப்பான் தோட்டங்களைப் பார்த்த ஆள் என்று கேட்டதும் முதலாளிக்கு ஆர்வம் வந்துவிட்டது. வியாழக்கிழமை கேட்க வருகிறார். "நன்றாகப் பேசுங்கள். வேலை கிடைக்கலாம்" என்றார்.

நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? "யா, யா" என்றேன்.

இந்த இடத்தில் நான் விளங்காமல் தலையாட்டினேன் என்று எழுதலாம். அது பொய். முழுக்க விளங்கித்தான் ஆட்டினேன். வீட்டுக்குப் போகும் வழியில் மனைவிக்கு எழுத வேண்டிய வசனம்கூட மனதில் வந்துவிட்டது: இங்கு பூந்தோட்டத்தில் வேலை. அதை அவள் சனத்துக்குச் சொல்லும்போது குரல் எப்படி இருக்கும் என்றும் நினைத்துப் பார்த்தேன்.

அந்தக் கிழமை முழுவதும் டீச்சர் எழுதித் தந்த நாலு பக்கத்தையும் பாடமாக்கினேன். தம்பி சோறு காய்ச்சியபடி பரீட்சை வைப்பார். "பாசித் தோட்டம் எத்தினையாம் படம்?" "நாலாம் படம்." "கொக்கு எத்தினையாம் படம்?" "கொக்கு இல்லை." "அப்ப சனம் கேட்டா?" "பறந்திட்டுது எண்டு சொல்லுவன்." சிரித்தோம். எனக்கு உள்ளே சிரிப்பு இல்லை. அந்த வேலை வேண்டும், அவ்வளவுதான். நாலு பக்கப் பொய்க்கு ஒரு வேலை என்றால் கப்பலில் நான் செய்ததைவிட லேசான உழைப்பு என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மழை. மண்டபத்தில் நீண்ட மேசைகள். ஒவ்வொன்றிலும் மெழுகுதிரி, காஃபிப் போத்தல், கேக். நாற்பது முதியவர்கள் சுத்தமாக உடுத்து, தலை வாரி, என்னையே பார்த்தார்கள். பின்பக்கத்தில் தனியாக, மண் நிறக் காற்சட்டையும் பெரிய கைகளுமாக ஒருவர் இருந்தார். டீச்சர் கண்ணால் காட்டினார். அவர்தான் முதலாளி. தம்பியைப் புரொஜெக்டருக்குப் பொறுப்பாக விட்டிருந்தார்கள். அதுவும் பின்பக்கத்தில், முதலாளிக்குப் பக்கத்தில்.

திரை இழுத்து விளக்கை அணைத்தார்கள். இருட்டு எனக்குப் பெரிய உதவி. முதல் படம்: வெள்ளைச் சிறு கற்களைப் பரப்பி அதில் வரிவரியாகக் கோடு இழுத்த முற்றம், நடுவில் சில பாறைகள். மேசை மெழுகுதிரி வெளிச்சத்தில் தாளில் இருந்ததை வாசித்தேன். கடலும் தீவுகளும் போல என்று டீச்சர் எழுதியிருந்தார். ஒரு கிழவர் கையை உயர்த்தினார்.

"அந்தக் கோடுகளை எதனால் இழுக்கிறார்கள்?"

தாளில் அது இல்லை. நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் வெறுமை. "தம்பி" என்று தமிழில் முனகினேன்.

பின்னாலிருந்து, "விறாண்டியாலதான் அண்ணை, வேறென்னத்தால" என்று குரல் வந்தது. சருகு வாரும் அந்தப் பல்லுத் தடிக்கு டெனிஷ் தெரியாமல் அவர் புரொஜெக்டர் வெளிச்சத்தில் வந்து நின்று, இல்லாத ஒரு விறாண்டியைப் பிடித்துப் பின்னுக்குப் பின்னாக நடந்து இழுத்துக் காட்டினார். காலடி படாமல் பின்னுக்கு நடக்க வேண்டும் என்பதையும் குனிந்து காலைக் காட்டி விளக்கினார். கிழவர் நன்றி சொன்னார்.

நாலாம் படம் பாசி. மரங்களுக்குக் கீழே கம்பளம் விரித்த மாதிரிப் பச்சை. முதலாளி முதல் தடவையாக வாய் திறந்தார். இவ்வளவு பாசி வர அங்கே என்ன பராமரிப்புச் செய்கிறார்கள் என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார். நான் இருட்டில் நின்று என் சப்பாத்தைப் பார்த்தேன். தம்பி தன் அரைகுறை டெனிஷில் சொன்னார். "நிழல். தண்ணீர் கொஞ்சம், தினமும் கொஞ்சம். இலை விழுந்தால் எடுக்க வேண்டும். மிதிக்கக் கூடாது." முதலாளி தலையைத் திருப்பி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

அதன் பிறகு கோயில் படங்கள், நீர்வீழ்ச்சி, சிவந்த இலை மரங்கள். குரல் பழகிவிட்டது. இன்னும் மூன்று படம், பிறகு காஃபி, பிறகு வேலை என்று மனம் கணக்குப் போட்டது. அப்போது முன்வரிசையில் ஊன்றுகோலோடு இருந்த ஒரு அம்மா பேசினார். பக்கத்து ஊரிலிருந்து இந்த மழையில் பஸ் ஏறி வந்திருக்கிறார். சிறுபிள்ளையாக இருந்தபோது ஒரு பிஸ்கட் தகர ரின்னில் யப்பான் தோட்டத்தின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அங்கே போக ஆசை. இனிப் போக மாட்டார். "படம் பார்த்துவிட்டேன். நீங்கள் அங்கே நின்றவர். அங்கே என்ன வாசம், அதைச் சொல்லுங்கள்" என்றார்.

வாசத்துக்கு நாலு பக்கத்திலும் ஒரு சொல் இல்லை. பூ என்று சொல்லியிருக்கலாம். டெனிஷில் பூவுக்கு என்ன சொல் என்று எனக்குத் தெரியும். அவர் கேட்டதும் யப்பான் என் மூக்குக்கு வந்துவிட்டது, அதுதான் பிரச்சினை.

"டீசல்" என்றேன்.

மண்டபம் சிரித்தது. பகிடி என்று நினைத்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை, காத்துக்கொண்டிருந்தார்.

"டீசல்" என்றேன் மறுபடியும். "மீனும்."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். எனக்குத் தெரிந்த டெனிஷ் அப்போது இருநூறு சொல் இருக்கும். அதில் சொல்லக்கூடியதைச் சொன்னேன். நான் ஹேவன் பார்க்கவில்லை. ஹவுன் பார்த்தேன். கப்பலில் வேலை. டீச்சருக்குப் பிழையில்லை, என் நாக்குப் பிழை. கிரேன் என்றது பறவை இல்லை, இரும்பு. யாரோ விளக்கைப் போட்டார்கள். டீச்சர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அழுகிறாரோ என்று பயந்தேன். தோள் குலுங்கியதில் சிரிப்பு என்று தெரிந்தது.

பின்பக்கம் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. வேலை போய்விட்டது என்று மட்டும் தெரிந்தது.

"அப்படியானால் யப்பானில் ஒரு கோயில்கூடப் பார்க்கவில்லையா?" என்று விறாண்டி கேட்ட கிழவர் கேட்டார். ஏமாற்றத்தோடுதான் கேட்டார், கோபத்தோடு அல்ல. அவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் போல இருந்தது.

"ஒன்று போனேன்" என்றேன். அந்த இருநூறு சொல்லாலும் கைச் சைகையாலும் அதையும் சொல்லிவிட்டேன்.

எங்கள் கப்பலில் யாழ்ப்பாணத்துச் சமையல்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிட மூத்தவர், வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் தொடமாட்டார். யோக்கோஹாமாவில் சரக்கு வரத் தாமதமாகி ஒரு நாள் விடுப்புக் கிடைத்தது. கப்பலில் தொங்கிய ஒரு நாட்காட்டியில் வளைந்த கூரையோடு கோயில், முன்னால் குளம், பின்னால் பனி மூடிய மலை. "வா தம்பி, இவ்வளவு தூரம் வந்து ஒரு கோயிலைக் கும்பிடாமப் போறதே?" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். தெருவில் ஒரு கடைக்காரரிடம் வழி கேட்க வேண்டும். எங்களிடம் பாஷை இல்லை. சமையல்கார அண்ணை கைகூப்பிக் காட்டினார். பிறகு, தீர்த்தமாடும் இடமாக இருந்தால் நல்லது என்று, ஒரு செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றுவது போலவும் காட்டினார். கடைக்காரர் "ஹை, ஹை" என்று தெருவின் கடைசியைக் காட்டினார்.

போனால் அச்சொட்டாக நாட்காட்டியில் இருந்த கூரை. பின்பக்கம் வானத்துக்கு உயர்ந்து ஒரு புகைக் குழாய். அண்ணை அதைப் பார்த்து, "மடைப்பள்ளி. பொங்கல் நடக்குது" என்றார். கதவு பூட்டியிருந்தது. நாலைந்து கிழவர்கள் வெளியே காத்து நின்றார்கள். "நாலு மணிக்குத்தான் நடை திறப்பினம். எங்கட ஊர் மாதிரியே" என்று அண்ணைக்கு ஒரே சந்தோஷம். நாலு மணிக்குக் கதவு திறந்தது. எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். நாங்களும் கழற்றினோம். உள்ளே உயர்ந்த மேடையில் ஒரு அம்மா இருந்து காசு வாங்கினார்.

"அர்ச்சனைச் சீட்டு" என்றார் அண்ணை.

சீட்டு வரவில்லை. ஆளுக்கொரு சிறு துவாய் வந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். உள்ளே போன ஆண்கள் சட்டையைக் கழற்றினார்கள். எங்கள் ஊரில் ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் கோயிலுக்குள் போக வேண்டும். அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியே தம்பி, எவ்வளவு ஆசாரம்! கொழும்பிலகூட இப்ப இப்பிடி இல்லை." நாங்களும் சட்டையைக் கழற்றி, துவாயைச் சால்வை போல இடுப்பில் கட்டிக்கொண்டோம். பக்கத்துச் சின்ன முற்றத்தில் கல் விளக்கு, இரண்டு மரம், குளத்தில் சிவப்பு மீன். அதுதான் யப்பானில் நான் பார்த்த ஒரே தோட்டம். ஒரு பாய் அகலம் இருக்கும். உள்கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரே நீராவி. எதிர்ச் சுவர் முழுக்கப் பெரிய மலை, உச்சியில் பனி. மூலஸ்தானம் என்று நினைத்து இருவரும் கைகூப்பினோம். அண்ணை தேவாரம் பாடத் தொண்டையைச் செருமினார்.

அப்போதுதான் பக்கத்தில் நின்ற கிழவர் காற்சட்டையையும் கழற்றினார்.

"தம்பி" என்றார் அண்ணை, கூப்பிய கையை எடுக்காமலே. "இதென்னடா, எல்லாத்தையும் கழட்டுறாங்கள்."

"அண்ணை, இது குளிக்கிற இடம் போல கிடக்கு."

"வாயைப் பொத்து. சாமிக்கு முன்னால."

அந்த மண்டபத்தில் இதைச் சொல்லும்போது எனக்கு நிர்வாணம் என்பதற்கு டெனிஷ் சொல் வரவில்லை. கையால் காட்டத் தொடங்கினேன். சட்டையின் இரண்டாவது பொத்தானில் கை வைத்தபோது டீச்சர் பாய்ந்தெழுந்து அந்தச் சொல்லைச் சொல்லித் தந்தார். அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் யாரும் யார் பேச்சையும் கேட்கவில்லை. விறாண்டிக் கிழவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஊன்றுகோல் அம்மா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துவிட்டு, "பிறகு குளித்தீர்களா?" என்று கேட்டார்.

"குளித்தோம். காசு கட்டிவிட்டோமே."

"அங்கே என்ன வாசம்?"

"சவர்க்காரம்."

அவர் தலையை ஆட்டினார். இந்தப் பதில் அவருக்குப் போதுமாக இருந்தது போல.

காஃபி நேரத்தில் முதலாளி என்னிடம் வந்தார். என் கை அவருடைய கைக்குள் காணாமல் போனது. இந்தச் சங்கத்தில் இதுவரை கேட்டதில் இதுதான் நல்ல பேச்சு என்றார். பிறகு, அந்தப் பாசி விஷயம் உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்டார். அவர் கண் நேராக என் கண்ணில் நின்றது. ஒரு கணம், ஓம் என்று சொல்ல வாய் போனது. சொல்லவில்லை. அதைப் பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். அடுத்த கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம்தான்.

"எனக்குச் செடி ஒன்றும் தெரியாது" என்றேன். "அவருக்குத் தெரியும்."

தம்பி புரொஜெக்டரின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். முதலாளி அவரிடம் போய் ஏதோ கேட்டார். தம்பி கையால் மண்ணைக் கிண்டுவது போலக் காட்டினார். பிறகு உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். முதலாளி தன் உள்ளங்கையையும் காட்டினார். இருவரும் தலையாட்டினார்கள். நான் கேக் சாப்பிட்டேன். நல்ல கேக். என்ன கேக் என்று நினைவில்லை.

வீட்டுக்கு நடந்து வந்தோம். மழை விட்டிருந்தது. பாதி வழியில் தம்பி கூப்பிட்டார்.

"அண்ணை."

"ம்."

"என்னை நாளைக்கே வரச் சொல்லுறார்."

"தெரியும்."

"உங்கட வேலை எல்லோ அது. நான் ஏலாது எண்டு சொல்லட்டே?"

"விசரே உமக்கு? என்னை எடுத்தா அந்தாளின்ர கண்ணாடி வீட்டில கள்ளிகூட மிஞ்சாது."

"பகிடி விடாதையுங்கோ அண்ணை. அக்காவுக்கு என்னண்டு எழுதுவியள்?"

அக்கா என்றது என் மனைவியை. "எத்தினை மணிக்கு வரச் சொன்னவர்?" என்று கேட்டேன்.

"ஏழுக்கு."

"அப்ப ஆறுக்கு எழும்பும்."

வீட்டில் அவர் தன் ஒரே நல்ல காற்சட்டையை எடுத்துப் பார்த்தார். தோட்ட வேலைக்கு அது வேண்டாம் என்று என் கப்பல் காற்சட்டையைக் கொடுத்தேன். நீளம் போதவில்லை. கட்டையானாலும் அதையே போடுகிறேன் என்றார்.

மறுநாள் காலை ஆறரைக்குத் தம்பி சைக்கிளில் கார்ட்னரிக்குப் போனார். நான் தேத்தண்ணீர்க் கோப்பைகளைக் கழுவி வைத்து, மனைவியின் கடிதத்தைப் பதில் எழுதாமலே தலையணைக்குக் கீழே விட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன். அன்றைய பாடம் பஸ் நேர அட்டவணை.